இன்னும் எழும்பி முடியேல்ல

என் தங்கை ஆரணி முதன்முதலாகக் கீழே வராமல் விட்டது யூலை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது கால்பகுதியில், எங்கள் அணி பதினொரு புள்ளி பின்னுக்கு நின்றபோது. அன்றைக்கு மெல்பேண் புறநகரான டண்டினோங்கில் காற்று காதை அறுத்துக்கொண்டிருந்தது, கடற்புறாக்கள் மைதானத்தின் நடுவில் தங்கள் காணியில் நடப்பதுபோல நடந்து திரிந்தன, அம்மா காரின் பின்கதவைத் திறந்துவைத்து ஃபிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார், அந்த நேரம் பார்த்து நாற்பது மீற்றருக்கு அப்பால் இருந்து யாரோ உதைத்த சிவப்புப் பந்து வளைந்து வர, ஆரணி இரண்டு எதிரணிப் பிள்ளைகளின் தோளுக்கு மேலால் எழும்பி அதைப் பிடித்தாள், பிடித்தவள் அங்கேயே நின்றாள்.

அவளுடைய சப்பாத்துக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம். அவள் பறக்கவில்லை, கைகாலை அடிக்கவில்லை; பஸ்சுக்குக் காத்து நிற்கிறவளைப் போல நின்றாள். ஃபுட்டி என்கிற இந்த அவுஸ்திரேலிய உதைபந்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உதைத்து வருகிற பந்தை நிலத்தில் படாமல் பிடித்தால் அதற்கு மார்க் என்று பெயர், மார்க் பிடித்தவளை யாரும் தொடக்கூடாது, அவள் ஆறுதலாக ஒரு உதை உதைக்கலாம், நடுத்தூண் இரண்டுக்கும் ஊடாகப் பந்து போனால் ஆறு புள்ளி, அவற்றுக்குப் பக்கத்தால் போனால் ஒன்று. பிடித்தவள் எப்போது கீழே வர வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இல்லை. எழுத வேண்டி வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

நடுவர் ஸ்பிரோ, வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற கிரேக்கர், அந்தப் புத்தகத்தைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து முன்னும் பின்னும் புரட்டி, "மார்க் மார்க்தான்" என்று கையைத் தூக்கினார். ஆறு நிமிடம் போனது. பிறகு அவர் அண்ணாந்து, "மகளே, பின்னேரம் நாலு மணிக்கு இந்த மைதானத்தை இன்னொரு அணிக்குக் குடுத்திருக்கு" என்றார். ஆரணி இறங்கி வந்தாள், உதைத்தாள், ஆறு புள்ளி எடுத்தாள், எங்கள் அணி ஐந்து புள்ளியால் தோற்றது.

"சொக்ஸ் ரெண்டு சோடி போடெண்டு சொன்னனான்" என்றார் அம்மா காரில். "மேல காத்து கூட."

"ஏன்டி இறங்கேல்ல?" என்று நான் கேட்டேன்.

"நான் இன்னும் எழும்பி முடியேல்ல அக்கா" என்றாள் அவள், தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு. அதற்கு மேல் இந்த விஷயத்துக்கு இன்றைக்கு வரைக்கும் வேறு விளக்கம் கிடையாது, அப்பாவும் கேட்கவில்லை, குடும்ப வைத்தியர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்ததோடு வைத்தியமும் முடிந்தது.

ஊர் அதை ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டது. எங்கள் சனம் எதையும் விழுங்கும், விழுங்கியபின் அதற்கு ஒரு வேலை கொடுக்கும். சாமத்தியவீட்டு மண்டபங்களில் கூரையோடு ஒட்டிக்கொள்கிற பலூன்களை எடுக்க ஆரணியைக் கூப்பிட்டார்கள், கோயிலில் தேருக்குப் பந்தல் கட்டினபோது ஏணி கேட்காமல் ஆரணியைக் கேட்டார்கள், மூன்றாம் தெருப் புஸ்பம் அன்ரி, கூரைப் பீலிக்குள் விழுந்த சருகை அள்ள ஒரு சனிக்கிழமை முழுக்க அவளை மறித்து வைத்திருந்துவிட்டு, போகும்போது அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, "எல்லாம் சரி, நாளைக்குத் தாலி கட்டேக்க பெட்டை மேல நிண்டாளெண்டா மாப்பிள்ளை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "மாப்பிள்ளையை எழும்பிக் கட்டச் சொல்லுங்கோ அன்ரி" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு ரோல்ஸ் பொரித்து அனுப்புவதை ஆறு கிழமை நிற்பாட்டினார்.

பலூன், பந்தல், பீலி, தாலி. அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: டிராஃப்டில் அவளுடைய பெயர் வாசிக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் லீக் ஒரு பின்னேரத்தில், பெரிய கழகங்களுக்கு விளையாடப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தெரிவு செய்யும். கடைசியாக வந்த கழகம் முதலில் சொல்லும், முதலாவதாக வந்த கழகம் கடைசியில் சொல்லும், அது நீதி என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அந்த நீதிக்குள் ஒரு பொந்து இருக்கிறது: தகப்பன் லீக்கில் நூறு ஆட்டம் ஆடியிருந்தால், மகள் வரிசையில் நிற்கத் தேவையில்லை, தகப்பனின் கழகம் அவளைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். மூன்று வருடமாக நான் வாசித்த எந்த வழக்கிலும், தகப்பனின் முழங்கால் மகளுக்குச் சொத்தாக வந்ததாக இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'தந்தை ஆடிய ஆட்டங்கள்' என்று ஒரு பெட்டி இருந்தது. அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டு கனநேரம் யோசித்தார். பாண் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக அடுப்புக்கு முன்னால் நின்ற மனிசன், ஊரில் ஞானசோதி விளையாட்டுக் கழகத்துக்கு ஓவர் கேம் என்கிற ஊர்முறைக் கரப்பந்து ஆடினவர். "நூறுக்கு மேல வரும்" என்று சொல்லி, நூற்று முப்பது என்று எழுதினார். லீக்கில் இருந்து ஒரு மரியாதையான கடிதம் வந்தது, கரப்பந்து கணக்கில் வராது என்று.

ஓகஸ்ட்டில் அளவெடுக்கிற நாள். பெரிய உள்ளரங்கு, நூற்றுப்பத்துப் பிள்ளைகள், முதுகில் இலக்கம். ஓட்டம், வளைவு ஓட்டம், உதை, கடைசியில் நின்ற இடத்தில் இருந்து குதிக்கிறது. குதிப்பதற்கு ஒரு கறுப்புப் பாய் விரித்திருந்தார்கள். பாய்க்குப் பொறுப்பானவர் ஹாலொரன் என்பவர், அரைக்காற்சட்டை போட்ட நெட்டை மனிதர், எப்போதும் ஒரு அப்பிளைக் கடித்துக்கொண்டிருப்பவர். அந்தப் பாய் உயரத்தை அளப்பதில்லை. கால் பாயை விட்ட நேரத்துக்கும் திரும்பி வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதில் இருந்து உயரத்தைக் கணிக்கும். காற்றில் இருக்கிற எல்லாரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிற பொறி அது.

ஆரணி எழும்பினாள். ஒரு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும் நின்றாள்.

ஹாலொரன் முதலில் அப்பிளை முடித்தார். பிறகு வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளைப் பக்கத்துப் பாய்க்கு அனுப்பினார். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவளுக்குக் கீழே போட்டு, அதில் இருந்து மின்னஞ்சல் பார்த்தார். அவள் இறங்கியதும் பொறி ஒரு எண்ணைக் காட்டியது: இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல். மெல்பேணில் இருந்து யாழ்ப்பாணம் போய், திரும்பி வந்து, மறுபடி பாதிவழிக்கு மேல் போகிற தூரம். ஹாலொரன் அதைப் பார்த்தார், பாயைத் தட்டிப் பார்த்தார், படிவத்தில் 'பரிசோதனை முடிக்கப்படவில்லை' என்று எழுதினார்.

அவள் இருபத்திரண்டாயிரம் கிலோமீற்றர் எழும்பினாள் என்று நான் வாதாட வரவில்லை. நான் அங்கே நின்றேன், அவள் கூடைப்பந்து வளையத்தின் உயரத்துக்குக் கீழேதான் நின்றாள். ஆனால் அது அவர்களுடைய பாய், அவர்களுடைய சூத்திரம். மற்ற நூற்றொன்பது பிள்ளைகளுக்கும் அந்தப் பொறி சொன்னதை வேதமென்று எழுதியவர்கள், இவளுக்குச் சொன்னபோது மட்டும் பொறிக்குப் பைத்தியம் என்கிறார்கள். சரி, பொறிக்குப் பைத்தியம் என்றால் பொறி பிழை என்று எழுதுங்கள். அவள் முடிக்கவில்லை என்று ஏன் எழுதுகிறீர்கள்? எழும்பினாளா, எழும்பினாள். இறங்கினாளா, இறங்கினாள். இதில் எது முடியவில்லை?

"இரண்டு கிழமையில் மறுபரிசோதனை இருக்கு" என்றார் ஹாலொரன். அவர் கெட்ட மனிதர் அல்ல என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "சும்மா சாதாரணமாக் குதிக்கச் சொல்லுங்கோ."

சாதாரணமாகக் குதிப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் இரண்டு கிழமை ஆராய்ச்சி நடந்தது. நடைபாதையில் குதித்தாள், வரவேற்பறையில் குதித்தாள், மின்விசிறியை நிற்பாட்டிவிட்டுக் குதித்தாள். ஒவ்வொரு முறையும் நின்றாள். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். அவளுடைய அரைக்காற்சட்டையின் கரைக்குள் பை தைத்து, சிவப்புப் பச்சையரிசியை நிரப்பினார். எங்கள் அளவுப் பேணியான சுண்டால் ஒரு பக்கத்துக்கு நாலு சுண்டு அரிசி போட்டபோது, ஆரணி எழும்பி, கொஞ்சம் யோசித்து, இறங்கினாள். நேரம் பார்த்தேன், கட்டி அணைக்கவேண்டும் போல அவ்வளவு அழகான, சாதாரணமான நேரம். எங்கள் கணக்குக்கு அறுபத்திமூன்று சென்ரிமீற்றர். முதல் பத்துக்குள் வரும்.

ஆனால் பரிசோதனைக்குப் போகிற அன்று காலை அம்மா புதுக் காற்சட்டைக்கு மாற்றித் தைத்தார். தைக்கும்போது, நாற்பத்தொன்பது வருடப் பழக்கத்தில், ஒரு பக்கத்துக்கு நாலு சுண்டு அளந்து போட்டபின், ஒரு பிடி கூடப் போட்டார். எங்கள் வீட்டில் எவ்வளவு அரிசி அளந்தாலும் அதற்கு மேல் ஒரு பிடி விழும்; சொல்லாமல் வருகிறவைக்கு. அப்பம்மா வீட்டில் விழுந்தது, அகதி முகாமில் கஞ்சிக்கு அளந்தபோதும் விழுந்தது, டண்டினோங்கில் மின்சார அரிசிச் சட்டிக்குள்ளும் விழுகிறது. அந்தக் கை தானாகப் போகும், கையைக் கேட்டால் கைக்கே தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பிடி.

பாய் நாற்பத்தொன்று என்று காட்டியது. ஹாலொரன் அதை மூன்று பெட்டிக்குள் 041 என்று எழுதினார். சராசரிக்குக் கீழ். நிறையையும் பார்த்தார்கள், அரிசியோடு. இரண்டு கிழமையில் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள் என்று கண்டு, குறிப்புப் பகுதியில் 'உடலைப் பேணுவதில் அக்கறை குறைவு' என்று எழுதினார்கள்.

இதை நான் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிற இடம் இது. அவள் அதிகம் எழும்பியபோது கணக்கில் இல்லை என்றார்கள். அவர்கள் கேட்டபடி தன்னைப் பாரமாக்கிக்கொண்டு வந்து நின்றபோது, பாரம் கூட என்றார்கள்.

அம்மா மூன்று நாள் அரிசிப் பக்கம் போகவில்லை. இடியப்பமும் பாணும் சாப்பிட்டோம்.

நாலாம் நாள் ஒரு கடிதம் வந்தது. பெரிய கழகம் ஒன்றின் நிகழ்ச்சிப் பகுதியில் இருந்து, நிறைய நட்சத்திரப் படங்களோடு. பல்கலாசார வாரத்து ஆட்டத்தின் இடைவேளையில் ஆரணி நடுமைதானத்தில் பன்னிரண்டு நிமிடம் மேலே நிற்க வேண்டும், காப்புறுதி நிறுவனம் ஒன்றின் பெயர் எழுதின சட்டை தருவார்கள், விரும்பினால் சேலை.

தமிழ்ச் சங்கச் செயலாளர் சச்சிதானந்தம் அங்கிளுக்கு அந்தக் கடிதத்தின் பிரதி எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை, ஆனால் அன்று பின்னேரமே பொன்னாடையோடு வந்துவிட்டார்.

"எண்பதாயிரம் சனம் பிள்ளை. எங்கட இனத்தில ஆருக்கு இந்தச் சந்தர்ப்பம் கிடைச்சது? நடுமைதானத்தில எங்கட பிள்ளை நிக்கிறது சின்ன விசயமே?"

"நிக்கிறதுக்கு இல்ல அங்கிள்" என்றாள் ஆரணி. "விளையாடுறதுக்கு."

"படிப்படியாத்தானே போகலாம். முதல்ல நிண்டு காட்டு, பேந்து பாப்பினம்."

"அங்கிள்" என்று நான் தொடங்கினேன், "ஆட்டத்துக்குள்ள நிண்டா விதி இல்லையாம், இடைவேளையில நிண்டா மட்டும் சட்டை தருவினமாம். நீங்கள் கரகாட்டத்துக்கு ஆள் பிடிக்கிறியளோ?"

"உவள் லோயருக்குப் படிச்சு எங்களைத்தான் முதல் வழக்குப் போடப்போறாள்" என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா பொன்னாடையை மடித்து அவரிடமே கொடுத்தார். "குளிருக்கு உதவும், கொண்டுபோங்கோ" என்றார். அப்பா அந்த வருடம் பேசின நீளமான வசனம் அது.

செப்ரெம்பரில் எங்கள் வட்டாரத்து இறுதியாட்டம் வந்தது. சனிக்கிழமை. டிராஃப்ட் திங்கட்கிழமை பின்னேரம். ஆரணி அரிசி இல்லாத காற்சட்டையோடு இறங்கினாள், அந்த வருடம் முழுக்க ஆடாத ஆட்டம் ஆடினாள், ஆட்டம் முடிய அரை நிமிடம் இருக்க நாங்கள் மூன்று புள்ளி பின்னுக்கு. தூணுக்கு முப்பத்தைந்து மீற்றர் தூரத்தில் பந்து வந்தது. அவள் எழும்பினாள். பிடித்தாள். ஆட்டம் முடிகிற சைரன் ஊதியது.

இதற்கு ஒரு விதி இருக்கிறது, இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த ஒரே விதி: சைரனுக்கு முன்னால் மார்க் பிடித்தவளுக்கு, சைரனுக்குப் பின்னாலும் ஒரு உதை உண்டு. அவள் உதைக்கும்வரை ஆட்டம் முடியாது. ஸ்பிரோ கையைத் தூக்கினார். எதிரணித் தலைவி டெய்லா, மார்க் பிடித்த இடத்தில் கையை விரித்து நின்றாள். சனம் மூச்சைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது, பிறகு கதிரைகளை விரித்து உட்கார்ந்தது.

ஆரணி இறங்கவில்லை.

"மகளே" என்றார் ஸ்பிரோ, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு.

"எனக்கு நேரம் இருக்குத்தானே?" என்றாள் அவள், மேலே இருந்து, மரியாதையாக.

ஸ்பிரோ புத்தகத்தைப் பார்த்தார். உதைக்கத் தாமதித்தால் ஆட்டத்தைத் தொடரச் சொல்லலாம் என்று இருந்தது. ஆனால் சைரன் ஊதிவிட்டது, தொடர்வதற்கு ஆட்டம் இல்லை. "இருக்கு" என்றார். அவருடைய நேர்மையைப் போல ஒரு நேர்மையை நான் எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை. கை நோகும்போது மற்றக் கையைத் தூக்கினார், ஞாயிறு காலை அவருடைய மனைவி வந்து ஒரு மணித்தியாலம் அவருக்காகக் கையைத் தூக்கி நின்றார்.

லீக்குக்கு விஷயம் போனது. பருவத்தின் எல்லா ஆட்டங்களும் முடிந்து பெறுபேறு பதியப்பட்டால்தான் டிராஃப்ட் நடத்தலாம் என்பது லீக்கின் சொந்த விதி. எங்கள் டண்டினோங் மைதானத்தில் ஒரு ஆட்டம் முடியவில்லை. தொலைபேசிகள் அடித்தன. நகரசபைக்காரர் புல் வெட்டுகிற இயந்திரத்தோடு வந்து, சுற்றிவரப் பார்த்து, அவளுக்குக் கீழே இருந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டினார். புஸ்பம் அன்ரி பகையை மறந்து ரோல்ஸ் கொண்டுவந்தார், அதைப் பந்தெறிகிறவர்கள் மாதிரிக் குறிபார்த்து எறிந்தோம், அவள் ஒரு கையால் பந்தை அணைத்துக்கொண்டு மறுகையால் பிடித்துச் சாப்பிட்டாள். மற்ற அலுவல்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அம்மா பதில் சொல்லவில்லை.

டெய்லாதான் முதலில் கத்தினாள். ஞாயிறு மத்தியானம். "அந்த லிஸ்டில் என் பெயரும் இருக்கு, தெரியுமா? உன்னாலே எல்லாரும் காத்திருக்கிறோம்."

அது நியாயமான பேச்சு. ஆரணி மேலே இருந்து கேட்டாள்: "உன்ர ஓட்டத்துக்கு என்ன எழுதினவை?"

டெய்லா விரித்த கையை இறக்கினாள். பிறகு, தன்னுடைய ஓட்ட நேரத்தை வேறு யாரோ ஒருத்தியின் இலக்கத்துக்கு நேரே எழுதிவிட்டார்கள் என்றும், கேட்டதற்கு அடுத்த வருடம் வந்து ஓடச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுப் புல்லில் இருந்தாள். "எழும்பத் தெரிஞ்சிருந்தா நானும் நிண்டிருப்பன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக மற்றப் பிள்ளைகளும் வந்து இருந்தார்கள். ஒவ்வொருத்தியின் படிவத்திலும் ஒரு பெட்டி பிழையாக இருந்தது.

திங்கள் மத்தியானம் ஹாலொரன் வந்தார், கோப்போடு, அப்பிள் இல்லாமல்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று அண்ணாந்து கேட்டார்.

நான் இரவிரவாக எழுதி வைத்த பதினொரு பக்க ஆட்சேபத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அம்மா எல்லைக்கோட்டைத் தாண்டி நடந்து போய் அவருக்கு முன்னால் நின்றார். "பிழை என்ர" என்றார். "காற்சட்டைக்குள்ள அரிசி வைச்சுத் தைச்சது நான். ஒரு பிடி கூடிப் போச்சு." தலையில் அடித்துக்கொண்டு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஹாலொரன் கோப்பைத் திறந்தார். "வெளிப்பாரம் கட்டியிருந்தால் அந்தப் பரிசோதனை செல்லாது" என்று மெதுவாகச் சொன்னார். "அப்ப நாற்பத்தொன்றை வெட்ட வேணும். ஆனால் வெட்டினால் பழையதுதான் நிக்கும்."

"முடிக்கவில்லை எண்டதோ?" என்றேன் நான். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு.

"முடிச்சுக் காட்டிறன்" என்றாள் ஆரணி, மேலே இருந்து. "நான் சனிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு எழும்பினனான். ஸ்பிரோ எழுதி வைச்சிருக்கிறார். நீங்கள் மணிக்கூட்டைப் பிடியுங்கோ, நான் இறங்கிறன். எத்தினையோ, அதை எழுதுங்கோ. என்னை எடுக்கச் சொல்லிக் கேக்கேல்ல. நடந்ததை எழுதச் சொல்லித்தான் கேக்கிறன்."

ஸ்பிரோ சட்டைப் பையில் இருந்து ஆட்டக் குறிப்பை எடுத்துக் கொடுத்தார், ஒரு கையால். மற்றக் கை மேலே. ஹாலொரன் மணிக்கூட்டைப் பார்த்தார். புல்லில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அவள் இறங்கினாள். மூன்று மணி பத்து. நாற்பத்தேழு மணித்தியாலம்.

ஹாலொரன் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார், எண் கணக்குப் பொறியின் கரையைத் தாண்டிப் போனது. படிவத்தில் மூன்று பெட்டி. அவர் கனநேரம் அந்த மூன்று பெட்டியையும் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் ஒவ்வொன்றாக எழுதினார்: 9, 9, 9. பக்கத்தில் இருந்த 'முடிக்கப்படவில்லை'யைக் கோடு கீறி வெட்டினார், கையெழுத்தும் வைத்தார். பிறகு, நான் கேட்காமலே, டெய்லாவைக் கூப்பிட்டு அவளுடைய இலக்கத்தைக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் உதை ஞாபகம் வந்தது. டெய்லா எழும்பிப் போய்க் கையை விரித்து நின்றாள். ஆரணி எட்டு அடி பின்னால் போனாள், இரண்டு நாள் நிலத்தை மிதிக்காத கால் நடுங்கியது, ஓடி வந்து உதைத்தாள். பந்து உயர்ந்து, வளைந்து, நடுத்தூணுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனது. ஒரு புள்ளி. இரண்டு புள்ளியால் தோற்றோம். முழு மைதானமும் "ஐயோ" என்று ஒரே குரலில் சரிந்தது, குறி தவறின எந்த ஆட்டக்காரிக்கும் சரிகிற அதே சரிவு, ஆரணி முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தினாள், ஸ்பிரோ இரண்டு நாளுக்குப் பிறகு கையை இறக்கினார்.

டிராஃப்ட் புதன்கிழமை நடந்தது. நாற்பத்தாறாவதாக அவளுடைய பெயரை வாசித்தார்கள், சட்டை தருகிறோம் என்று எழுதின கழகம் அல்ல, அந்த வருடம் கடைசியாக வந்த கழகம். டெய்லா முப்பதாவது. அடுத்த வருடத்துப் படிவத்தில் குதிப்புக்கு நாலு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலும் காணாது. ஆட்சேபம் இப்போது பதினாறு பக்கம்.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது திங்கட்கிழமை பின்னேரம். ஆரணி குளித்துவிட்டுப் படுத்துவிட்டாள், அம்மா சனிக்கிழமையில் இருந்து தொடாத அரிசிச் சட்டியைக் கழுவிச் சோறு போட்டிருந்தார், வாசல் மணி அடித்தது. ஹாலொரன். பரிசோதனையை வெட்டுவதற்கு, அரிசி வைத்தவரின் வாக்குமூலம் எழுத்தில் வேண்டுமாம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், வழியில்தானே என்று வந்துவிட்டாராம்.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு, சாப்பாட்டுக் கோப்பையை வைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார்.

"எவ்வளவு அரிசி?"

அம்மா சுண்டைக் காட்டினார். நாலு விரல். பிறகு கையைப் பொத்திக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன்: ஒரு பக்கத்துக்கு நாலு சுண்டு, அதற்கு மேல் ஒரு பிடி.

"அந்த ஒரு பிடி எதுக்கு?"

"சொல்லாமல் வாறவைக்கு" என்றார் அம்மா.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஹாலொரன் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை சொன்னேன்: "சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கு. நீங்கள் இப்போது சாப்பிடுவது."

ஹாலொரன் கரண்டியை வைத்தார். கோப்பையைப் பார்த்தார், பொத்தினபடியே இருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். படிவத்தில் அதை எழுத ஒரு இடம் தேடினார் போல, பேனா கொஞ்சநேரம் தாளுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு கேள்" என்றார் அம்மா.

நான் கேட்கவில்லை. சோற்றுச் சட்டியை அவருக்கு எட்டாத பக்கத்துக்கு இழுத்து வைத்தேன். அம்மா அதைத் திரும்ப அவருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார்.